பெல்ட்டை இறுக்கியது யார்?

மாத்தளை டவுனில் எங்களோடு ஹயருக்கு, அதாவது வாடகை ஓட்டத்துக்கு, கார் நிறுத்தும் ஒருவர், என் கார் எதனால் முனகுகிறது என்று தெரிந்துகொண்டே தெரியாதவர் போல நின்றார். எஞ்சின் செத்துவிட்டது என்று என்னை நம்பவைத்து, காரை அடிமாட்டு விலைக்கு வாங்கப் பார்த்தார். இதை ஒரு தடவை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். சிரித்துவிட்டு வெற்றிலை துப்பப் போனார். அதனால்தான் எழுதுகிறேன். பெயர் போடப் போவதில்லை. அவருக்குத் தெரியும். ஸ்டாண்டில் நிற்கும் மற்றவர்களுக்கும் தெரியும்.

இந்த விஷயத்தில் பொய் சொன்னது அவர் மட்டும் அல்ல. நானும் சொன்னேன். அவர் பொய்யை எழுதிவிட்டு என் பொய்யை மறைத்தால் எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? இரண்டையும் எழுதுகிறேன்.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்பு, பாண் ரொட்டிக்கு விடியும் முன்பே வரிசை நின்ற காலத்தில், மாத்தளையில் நடந்தது இது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வருவதில்லை. டயர் இல்லை, டியூப் இல்லை. ஒரு பிளக் வேண்டுமென்றால் கண்டிக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். கார் வைத்திருந்தவன் எல்லாம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் ஓட்டினான். எதாவது ஒன்று உடைந்தால் கார் அப்படியே நின்றுவிடும், கோழி அடையும்.

என்னுடையது பழைய இங்கிலாந்துக் கார். தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றது. இரண்டு மூன்று கை மாறி என்னிடம் வந்தது. அந்தக் கார்தான் என் பிழைப்பு. நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளரின் வரிசை அறையில், பிறந்தவன். கணக்கப்பிள்ளையோடு சண்டை போட்டுப் பதிவில் பேர் வெட்டிக்கொண்டு தோட்டத்தைவிட்டு வெளியே வந்தவன். கார் போனால் திரும்பிப் போக எனக்கு ஒரு லயமும் இல்லை. டவுனில் ஒரு அறையில் பெண்சாதியும் மூன்று பிள்ளைகளும். இதுதான் நிலைமை.

அந்தக் காரில் தண்ணிப் பம்ப் ஒழுக ஆரம்பித்தது. எஞ்சினுக்கு முன்னால், விசிறிக்குப் பின்னால் இருக்கும் சாமான் அது. எஞ்சின் சூடாகாமல் தண்ணியைச் சுற்றவிடுவது அதுதான். முதலில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. பிறகு பக்கத்து உக்குவெலைக்குப் போய் வருவதற்குள் ஒரு வாளித் தண்ணி குடித்தது. கார் பழுது பார்ப்பவரை எங்கள் பக்கத்தில் பாஸ் என்போம். நான் போன பாஸ் ஒரு சோனகர், முஸ்லிம். ஊரே அவரைப் பாஸ் நானா என்று கூப்பிடும். புதுப் பம்ப் கிடைக்காது என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். விபத்தில் நசுங்கிக் கிடந்த ஒரு காரிலிருந்து பம்பைக் கழற்றி, அதற்குள் எங்கேயோ தேடிப் பிடித்த, சுழலும் அச்சைத் தாங்கும் நல்ல பெயரிங் ஒன்றைப் போட்டு, என் காரில் மாட்டினார். மூன்று நாள் வேலை. முடித்துச் சாவியைத் தரும்போது ஒன்று சொன்னார்.

“தம்பி, பெல்ட்ட நான் அளவாத்தான் வெச்சீக்கிறேன். தொய்வா ஈக்கிற மாதிரி தெரியும். கை வெக்க வேணாம்.”

சரி என்றேன். சரி என்று சொன்ன வாய் காய்வதற்குள் கை வைத்தேன்.

ஸ்டாண்டுக்கு வந்ததும் எல்லோரும் பொனட்டைத் திறந்து பார்த்தார்கள். கார் பழுது பார்த்து வந்தால் அப்படித்தான், புதுப் பெண்ணைப் பார்க்க வருவது போல வருவார்கள். நான் மேலே சொன்ன ஆளும் வந்தார். எங்களில் வயதில் மூத்தவர், அவரை எல்லோரும் அண்ணே என்போம். அவர் விசிறி பெல்ட்டை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தார்.

“என்னப்பா இது, கெழவி தொங்கட்டான் மாதிரி ஆடுது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நானும் பெல்ட்டைச் சுண்டிப் பார்த்தேன். ‘தொப்’ என்றது.

இங்கே என் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். என் அப்பா தோட்டத்தில் தப்பு மேளம் அடித்தவர். சாவு வீடு, காமன் கூத்து, மாரியம்மன் திருவிழா எல்லாவற்றுக்கும் அவர் மேளம்தான். நானும் பதினைந்து வயது வரை அவரோடு போய் அடித்திருக்கிறேன். அடிப்பதற்கு முன் காய்ந்த மானாப் புல்லைக் கொளுத்தி, அந்தச் சூட்டில் மேளத்தைக் காட்டுவோம். தோல் இறுகும். விரலால் சுண்டினால் ‘டங்’ என்று சொல்ல வேண்டும். ‘தொப்’ என்றால் மேளம் தயாரில்லை, இன்னும் காய்ச்ச வேண்டும். இது என் காதில் ஊறிப்போன சங்கதி. இறுகியதுதான் நல்லது, தொய்ந்தது கெட்டது. ரப்பர் பெல்ட்டும் மாட்டுத் தோலும் ஒன்றல்ல என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

“பாஸ் நானாவுக்குக் கண்ணு தெரியல போல. நான் இறுக்குறேன் பாருங்க” என்றேன்.

அந்த பெல்ட் பம்பையும் டைனமோவையும் சேர்த்துச் சுற்றும். டைனமோவை வெளிப்பக்கம் நகர்த்தினால் பெல்ட் இறுகும். கையால் நகர்த்த வேண்டியதை நான் நகர்த்தவில்லை. அண்ணன் தன் கார் டிக்கியில் இருந்து கடப்பாரை போன்ற அலவாங்கை எடுத்து வந்தார். அதை டைனமோவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே செருகி, முழு பலத்தையும் போட்டு நெம்பிப் பிடித்தேன். நான் பிடித்துக்கொண்டிருக்க, டைனமோவைப் பூட்டும் ஆணியை முறுக்கியது அவர். பிறகு சுண்டினேன். ‘டங்’ என்றது. அப்பா இருந்திருந்தால் தலையை ஆட்டியிருப்பார்.

“இதுதாண்டா பெல்ட்டு” என்று அண்ணன் என் முதுகில் தட்டினார்.

மறுநாள் நாலந்தாவுக்கு ஒரு ஹயர். கொழும்பிலிருந்து வந்திருந்த இரண்டு உத்தியோகத்தர்கள், பழைய கெடிகே கோயிலைப் பார்க்க வேண்டும் என்றார்கள். டவுனைத் தாண்டவில்லை, முன்பக்கத்திலிருந்து ஒரு முனகல் ஆரம்பித்தது. வேகம் கூடினால் முனகலும் கூடும். கால் எடுத்தால் இறங்கும். பல்வலிக்காரன் தலையணையில் முகத்தை வைத்து முனகுவது போல ஒரு சத்தம். நாலந்தா போய்ச் சேரும்போது முனகலுக்கு அடியில் ஒரு கரகரப்பும் சேர்ந்துவிட்டது.

பின்னால் இருந்தவர் கேட்டார், “என்ன ட்ரைவர், காருக்குள்ள யாராவது செத்துக்கித்துப் போயிட்டாங்களா? ஒப்பாரி கேக்குதே.”

நான் சிரிக்கவில்லை. பம்ப் மாற்றும் முன்பு இந்தச் சத்தம் இல்லை. மாற்றிய பிறகு இருக்கிறது. அப்படியானால் பாஸ்தான் குற்றவாளி. இப்படித்தான் என் புத்தி போனது. நடுவில் நான் அலவாங்கு போட்டேனே என்ற எண்ணம் வரவில்லையா என்றால், வந்தது. திரும்பி வரும் வழியில், அவர்கள் இருவரும் தூங்கிக்கொண்டிருந்தபோது வந்தது. அதை உள்ளே இருக்கவிட்டால் வளர்ந்துவிடும் என்று பயந்தேன். அதனால் டவுனுக்கு வந்ததும் அவர்களை இறக்கிவிட்டு நேரே பாஸ் நானாவின் கராஜுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். எவ்வளவு சத்தமாகக் கத்துகிறேனோ அவ்வளவுக்கு என் பக்கம் நியாயம் என்று நினைத்தேன்.

சந்தை நாள். கராஜுக்கு எதிரே தேநீர்க் கடை. அதில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அண்ணனும் எனக்குத் துணையாக வந்து நின்றார். நான் என்ன சொன்னேன் என்பதை முழுவதும் இங்கே எழுத முடியாது. குப்பைச் சாமானைப் போட்டு என்னை ஏமாற்றிய கள்ளன் என்றேன். அவருடைய தொழுகையை இழுத்துப் பேசினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வாயில் கசக்கிறது.

பாஸ் நானா கையில் எண்ணெயோடு வெளியே வந்தார். கோபப்படவில்லை. “பொனட்ட தொறங்க தம்பி, பாப்பம்” என்றார்.

“என் காருல இனிமே உங்க கை பட்டுச்சுன்னா பாருங்க!”

“சரி, தொடல்ல. ஒண்டு மட்டும் சொல்லுங்க. பெல்ட்டுல யாரும் கை வெச்சீங்களா?”

“யாரு வைப்பா? கடைசியா கை வச்சது நீங்கதான்!”

இதுதான் என் பொய். ஐம்பது அறுபது பேர் கேட்க, பகல் வெளிச்சத்தில் சொன்ன பொய். என் பக்கத்தில் நின்ற அண்ணன், ஆணியை முறுக்கிய அதே ஆள், தன் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். பாஸ் நானா என்னை ஒரு தடவை பார்த்தார், அவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். அன்று பின்னேரமே ஒரு லொறிக்காரர், பழுது பார்க்க விட்டிருந்த தன் லொறியைக் கராஜில் இருந்து இழுத்துக்கொண்டு போனதை நான் கண்ணால் பார்த்தேன். எனக்கு அப்போது அது வெற்றி போல இருந்தது.

ஆனால் முனகல் நின்றபாடில்லை. அண்ணன் என் காரைச் சுற்றி வந்தார். எண்ணெய்க் கம்பியை இழுத்து முகர்ந்தார். எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

“அடியில கிராங்க் பெயரிங் போச்சுடா. அந்தப் பாவி தண்ணிய ஒழுங்கா சுத்த விடல, எஞ்சின் சூடேறி உள்ள அரிச்சிருச்சு. எஞ்சின எறக்கணும். எறக்கினா சாமானுக்கு எங்க போவ? கப்பல் வருதா?”

கிராங்க் என்பது எஞ்சினின் முதுகெலும்பு. அது போனால் எல்லாம் போச்சு. நான் ஓட்டத் தெரிந்தவனே தவிர, உள்ளே இருப்பதைத் தெரிந்தவன் அல்ல. அவர் முப்பது வருஷம் ஓட்டியவர். நம்பினேன்.

“ஓடுற மட்டும் ஓட்டி ரோட்டுல விட்றாத. நின்னுட்டா இரும்புக் கடைக்காரன்கூட எடுக்க மாட்டான். எனக்கு எழுதிக் குடுத்துரு. ஏதோ பாத்துத் தாறேன். நம்ம ஆளாச்சேன்னுதான் சொல்றேன்.”

அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. பெண்சாதி ஒன்றுதான் கேட்டாள். “அப்ப நீங்க என்ன செய்யப் போறீங்க?” எழுந்து வெளியே போனேன். மறுநாள் பின்னேரம் எழுதிக் கொடுப்பதாக அண்ணனுக்குச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஹயர் கிடைத்தது. எல்கடுவப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, பிள்ளை பெற்று ஐந்து நாள். துணைக்கு அவளுடைய நாத்தனார். புருஷன் தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின் பார்ப்பவன், வேலையை விட்டு வர முடியவில்லை என்றார்கள். கடைசி ஹயர் என்று நினைத்து ஏற்றிக்கொண்டேன். பச்சைப்பிள்ளையை வைத்துக்கொண்டு, சாகப் போகிறது என்று நான் நம்பிய எஞ்சினில் மலை ஏறினேன். அதுவும் என் பிழைதான்.

உக்குவெலையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் முனகல் ஊளையாக மாறியது. ஒவ்வொரு முடக்கிலும் மண் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பிள்ளை மட்டும் தாலாட்டுக் கேட்டது போலத் தூங்கியது.

தொழிற்சாலை வாசலில் நிறுத்தினேன். புருஷன்காரன் ஓடி வந்தான். என் வயதுதான் இருக்கும், நாற்பது. கைலியெல்லாம் எண்ணெய். பெண்சாதியை இறக்குவதற்காகக் காரின் மட்கார்டில் ஒரு கையை ஊன்றினான். ஊன்றியவன் அப்படியே நின்றுவிட்டான். பிள்ளையைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தான்.

“இது என்ன, கையெல்லாம் கிறுகிறுங்குது? என்ன வண்டி ஓட்டுற நீ?” என்று கத்தினான். ஏன் இப்படிக் கத்துகிறான் என்று எனக்குக் கோபம் வந்தது. நாத்தனார்தான் சொன்னாள், “எங்க அண்ணனுக்குக் காது கேக்காதுங்க, வாயப் பாத்துத்தான் வெளங்கிக்கும். எஞ்சின் ரூம்பு சத்தத்துல போயிருச்சு.”

பம்ப் மாற்றியது, முனகல் வந்தது, கிராங்க் பெயரிங் போனது எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என் வாயையே பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான்.

“மீசைய ஒதுக்கிக்கிட்டுப் பேசுப்பா! ஒண்ணும் வெளங்கல!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம், ஆட்கள் எல்லாம் வெளியில் வந்திருந்தார்கள். நான் உதட்டை மூடித் தொங்கிய மீசையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பவும் சொன்னேன். அவன் பொனட்டைத் திற என்றான். மனதுக்குள் நினைத்தேன்: இவ்வளவு நாள் காது கேட்பவன் எல்லாம் கேட்டாகிவிட்டது, இனி செவிடன் வந்துதான் கேட்க வேண்டுமா? நினைத்ததோடு நிற்கவில்லை, பக்கத்தில் நின்றவனிடம் சொல்லவும் சொன்னேன்.

அவன் அடுப்பு விறகுக் குவியலில் இருந்து ஒரு மிலாறை உருவினான். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கொம்பைத்தான் அங்கே மிலாறு என்பார்கள். கை நீளத்தில் நேராக இருந்தது. அதைக் கத்தியால் சீவி, ஒரு முனையைப் பல்லில் கடித்தான். எஞ்சினை ஓடவிடச் சொன்னான். விசிறிக்குப் படாமல் பக்கவாட்டில் குனிந்து, மறு முனையை எஞ்சின் தலையில் வைத்தான். கண்ணை மூடினான். பிறகு அடியில், கிராங்க் இருக்கும் பக்கம் வைத்தான். தலையை இரண்டு தடவை ஆட்டினான். டைனமோவில் வைத்தான், முகத்தைச் சுளித்தான். பம்பில் வைத்தான். யாரோ பல்லைப் பிடுங்கியது போலத் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். சத்தம் அவனுக்குக் காதில் போகாது, பல்லில் போய் மண்டைக்குள் கேட்கும். எஞ்சின் அறையில் பெரிய இயந்திரங்களை அவன் அப்படித்தான் சோதிக்கிறான் என்று பிறகு சொன்னார்கள்.

“நிறுத்து” என்றான். ஸ்பேனர் கொண்டுவந்து டைனமோ ஆணியைத் தளர்த்தி, பெல்ட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான். “இப்ப ஓட்டு. ஒரு நிமிஷந்தான். கூட ஓட்டினா சூடேறும்.”

சாவியைத் திருப்பினேன். கிராங்க் போயிருந்தால் பெல்ட் இல்லாவிட்டாலும் சத்தம் வரும், அது எனக்கும் புரிந்தது. என் பிழைப்பு இருக்கிறதா இல்லையா என்று அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

எஞ்சின் ஓடியது. முனகல் இல்லை, கரகரப்பு இல்லை. ஓடுகிறதா இல்லையா என்று குனிந்து பார்க்கும் அளவுக்கு அமைதி. வழியெல்லாம் தூங்கி வந்த பிள்ளை, அந்த அமைதியில்தான் விழித்து வீறிட்டது.

“எஞ்சினுக்கு ஒரு நோயும் இல்ல! தங்கம்!” என்று அவன் பம்பில் தட்டினான். “இந்த பெல்ட்ட எவனோ கழுத்த நெரிக்கிற மாதிரி இறுக்கியிருக்கான். பம்பு பெயரிங் கத்துது, டைனமோவும் கத்துது. யாரு இறுக்கினது?”

“பாஸ்” என்றேன்.

அவன் வாயைப் பார்த்தான். பிறகு டைனமோவின் அடியைக் காட்டினான். அலவாங்கு நெம்பிய இடத்தில் புதுக் காயம், வெள்ளையாக மின்னியது. “பாஸ் அலவாங்கு போடுவானா? கராஜ்காரன் கையால நகத்துவான். இது கல்லு பேக்குற ஆளு செஞ்ச வேல. யாருன்னு கேட்டேன்.”

“நான்தான்” என்று மெதுவாகச் சொன்னேன்.

“என்ன?”

“நான்தான்.”

“மீசைய ஒதுக்குப்பா!”

மீசையைத் தூக்கிக்கொண்டு கத்தினேன். “நான்தான்! நான்தான் இறுக்கினேன்! பாஸ் இல்ல, நான்!”

தொழிற்சாலை வாசலில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். மாத்தளையில் பொய்யைக் கத்தினேன். உண்மையை எல்கடுவையில், ஒரு செவிடனுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக அதைவிட உரக்கக் கத்த வேண்டியதாயிற்று. கத்திய பிறகு படியில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கம் ஒரு பக்கம். ஆனால் பொய் சொல்லக்கூடாது, வெட்கத்தைவிட நிம்மதிதான் பெரிதாக இருந்தது. இரண்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கிவிட்டது. என் எஞ்சின் சாகவில்லை. நாளைக்கும் எனக்குக் கார் இருக்கிறது. பெண்சாதி கேட்ட கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது.

ஏன் அப்படி இறுக்கினாய் என்று அவன் கேட்டான். மேளக் கதையைச் சொன்னேன். முதல் தடவையாக அவன் சிரித்தான். “மேளம் அடிக்கத்தானே இறுக்குறோம். இத எவன் அடிக்கப் போறான்?” என்றான்.

பெல்ட்டைத் திரும்ப மாட்டி, டைனமோவைக் கையாலேயே நகர்த்தி வைத்தான். நடுவில் கட்டை விரலால் அமுக்கினான். அரை அங்குலம் உள்ளே போனது. என் விரலைப் பிடித்து என்னையும் அமுக்க வைத்தான். பாஸ் நானா வைத்துத் தந்த அதே அளவு. ஓடவிட்டோம். லேசான ஒரு சிணுங்கல் மட்டும் இருந்தது. இரண்டு நாளில் அதுவும் போய்விடும், பெயரிங் தப்பிவிட்டது என்றான். ஹயர் காசு வேண்டாம் என்றேன். வாங்காமல் போனால் பொனட்டை மூடவிட மாட்டேன் என்றான். அதற்குப் பிறகுதான் போய்ப் பிள்ளையைக் கையில் வாங்கினான். பெண்சாதி அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவன் வேண்டுமென்றே அவள் வாயைப் பார்க்கவில்லை.

மலையிலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கினேன். ஸ்டாண்டில் அண்ணன் காத்திருந்தார். முத்திரை ஒட்டிய கடுதாசி அவர் சட்டைப் பையில் இருந்தது. நான் காரை அவர் பக்கத்தில் நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை, ஒரு வார்த்தையும் பேசவில்லை, பொனட்டைத் திறக்கவும் இல்லை. அவர் ஒரு கணம் காது கொடுத்துக் கேட்டார். முகம் மாறியது.

“பெல்ட்டத் தளத்திட்டியா?” என்றார்.

இதை வாசிப்பவர்கள் ஒரு தடவை நின்று யோசிக்க வேண்டும். கிராங்க் பெயரிங் போய்விட்டது என்று சொன்ன மனிதருக்கு, சத்தம் நின்றதும் முதலில் வாயில் வந்தது பெல்ட். எல்கடுவையில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. அப்படியானால் முதலிலிருந்தே அவருக்குத் தெரியும். நான் பாஸ் நானாவை வைதபோது தெரியும். என் வீட்டில் அடுப்பு எரியாத அன்றும் தெரியும். இதைத்தான் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் சிரித்தார், வெற்றிலை துப்பப் போனார், கடுதாசியை நாலாக மடித்தார். எல்லாம் ஒரே மூச்சில்.

அடுத்த சந்தை நாள் வரும் வரை காத்திருந்தேன். அதே தேநீர்க் கடை, அதே கூட்டம். கராஜ் வாசலில் நின்று, பெல்ட்டை இறுக்கியது நான், பொய் சொன்னதும் நான், பாஸ் நானா செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை என்று கத்திச் சொன்னேன். கத்துவது எனக்குப் பழக்கம்தானே. அவருடைய தொழுகையைப் பற்றிப் பேசியதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“அண்டைக்கி நான் கேட்டேனே தம்பி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நிண்ட இடத்துலயே அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணித் தந்திருப்பேனே” என்றார்.

அவ்வளவுதான். பிறகு பொனட்டைத் திறந்து கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். யார் வைத்தது என்று கேட்டார். சொன்னேன். “கை தெரிஞ்சவன்” என்றார். போகும்போது முதுகுக்குப் பின்னால், “அடுத்த முறை பெல்ட்டோட ஒரு பூட்டும் போட்டுத்தான் தருவேன்” என்று சொன்னது கேட்டது. தேநீர்க் கடையே சிரித்தது. அன்றிலிருந்து டவுனில் எனக்கு மேளக்காரன் என்றுதான் பெயர். பரவாயில்லை. லொறிக்காரர் திரும்பி வந்தார். நானே போய்ச் சொல்லிக் கூட்டி வந்தேன்.

அந்தக் கார் இன்றைக்கும் ஓடுகிறது, அதே பம்போடு. பெல்ட்டை அமுக்கிப் பார்க்கும் ஒவ்வொரு காலையிலும், அரை அங்குலத் தொய்வு எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று நினைக்கிறேன். என் கோபம் குறைந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் கத்துவதற்கு முன்பு, கடைசியாகக் கை வைத்தது யார் என்று என்னையே ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன்.

என் பொய்யை நான் இரண்டு இடத்தில், கூட்டத்துக்கு முன்னால், என் வாயால் சொல்லி முடித்துவிட்டேன். இதோ மூன்றாவதாகப் பத்திரிகையிலும் எழுதிவிட்டேன். அண்ணே, உங்களைத்தான். நீங்கள் இந்தப் பத்திரிகையை வாசிப்பவர், எனக்குத் தெரியும். காரைத் திறந்து பார்க்காமலே, ‘பெல்ட்டத் தளத்திட்டியா’ என்று எப்படிக் கேட்டீர்கள்? சிரிக்க வேண்டாம், வெற்றிலை துப்பப் போகவும் வேண்டாம். ஸ்டாண்டில் என்னைத் தனியாகக் கூப்பிட்டும் சொல்ல வேண்டாம். இதே பக்கத்தில், எல்லோரும் வாசிக்க, பதில் எழுதுங்கள்.